உம் கொட்ட ஒரு ஆள்

இப்படி வாங்க, எனக்குப் பக்கத்துல. அந்தப் பச்சைச் சட்டைக்காரர் நாற்காலிக்குப் பின்னால நின்னுக்குங்க. அவர் ரசத்துக்கு வந்துட்டார், சீக்கிரம் எந்திரிச்சிருவார். எம்பட நாற்காலி ஆளைப் பாருங்க, இன்னும் சாம்பாரிலேயே ஊறிட்டு இருக்கறார். பொரியலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கறார். சாப்பிடட்டும், கல்யாணச் சோறு. நாம முறைச்சுப் பார்த்தா மனுசனுக்குத் தொண்டையில இறங்குமா? கையை மட்டும் நாற்காலி மேல வெச்சுக்குங்க. எடுத்தீங்கன்னா இன்னொருத்தன் வந்து பிடிச்சுக்குவான்.

நீங்க மாப்பிள்ளை வீடுங்களா? கோபிக்காரங்களா? அதான பார்த்தேன். வந்ததுல இருந்து என்னையே பார்த்துட்டு இருக்கறீங்களே, ஆமாங்க, நான்தான் அது. ஜமக்காளம் தொவைச்சுட்டே கதை சொல்ற சென்னியப்பன். போன்ல பார்த்ததைவிட நேர்ல ஒல்லியா இருக்கறேனாக்கும்? எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

ஒண்ணு மொதல்லயே சொல்லிப்புடறேன். எனக்கு அந்த ரீல்ஸ் மேலெல்லாம் ஆசை கிடையாதுங்க. பேர் வாங்கணும்னு போடறவங்க இருக்கறாங்க, பொழுது போகாமப் பார்க்கறவங்க இருக்கறாங்க, யார் மேலயோ இருக்கற கடுப்புல பார்க்கறவங்களும் இருக்கறாங்க. நான் எதுலயும் சேர்த்தி இல்லை. எனக்கு வேணும்னது ஒரே ஒரு ஆளு. அதோ, மணமேடைகிட்டப் பட்டு வேட்டி கட்டிட்டு, வர்றவங்களையெல்லாம் கும்பிட்டுட்டு நிற்கறானே, பொண்ணோட தாத்தா, அர்த்தநாரி. அவனுக்காகத்தான் அத்தனையும்.

நானும் அவனும் பவானிங்க. ஜமக்காள யாவாரம். கொள்ளேகால், மைசூர், அதுக்கு அந்தப்பக்கம் பேர் வாயில நுழையாத ஊரு வரைக்கும் மூட்டையைத் தூக்கிட்டுப் போய் வித்திருக்கறோம். மண்டபம், கோயிலு, சங்கம், சத்திரம், ஒண்ணு விடலை. சரிபாதிக் கூட்டு. பேச்சு நானு, மூட்டை அவன். மூட்டையை யார் வேணும்னாலும் தூக்கலாமுங்க. பேசறதுதான் சிரமம். ராத்திரி படுத்தா எனக்குத் தாடை வலிக்கும், அவன் பாட்டுக்குக் குறட்டை விட்டுட்டு இருப்பான்.

ஆனா அவன்கிட்ட ஒரு வித்தை இருந்துதுங்க. உம் கொட்டறது. சிரிக்காதீங்க. கதை சொல்றது பெரிய காரியம் இல்லை, எவன் வேணும்னாலும் சொல்லுவான். அதுக்கு உம் கொட்டறவன் ஆயிரத்துல ஒருத்தன். அர்த்தநாரி கொட்டற உம்முல சந்தேகத்துக்கு ஒண்ணு இருக்குது, பயத்துக்கு ஒண்ணு இருக்குது, "அட மேல சொல்லு"ங்கறதுக்குத் தனியா ஒண்ணு இருக்குது. உங்களுக்கு மட்டும் சொல்றேன், பாதிக் கதை எங்கே போகுதுன்னு எனக்கே தெரியாது. அவன் உம்மைப் பார்த்துத்தான் திருப்புவேன். சந்தேக உம் வந்துச்சுன்னா யானையைக் குதிரையாக்கிருவேன். பய உம் வந்துச்சுன்னா அந்தக் குதிரைக்குக் கொம்பு முளைச்சிரும்.

யாவாரத்தை விட்ட பின்னாலயும் அது நிற்கலைங்க. அந்தியூர் ரோட்டுல ஒரு பேக்கரி. விடிஞ்சதும் ரெண்டு பேரும் போயிருவோம். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், ஒரு கதை. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அவன் மக கோதை அவனுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தா. அன்னிக்குப் பிடிச்சுது சனி.

குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்கறான். விரலால தள்ளறான், தள்ளறான், தள்ளிட்டே இருக்கறான். நான் மைசூர் தசராவுல யானை எம்பட மடியில வந்து உக்காந்த கதையைச் சொல்றேன். உம்முங்கறான். ஆனா அந்த உம்முல உசிர் இல்லை. சோதிச்சுப் பார்ப்போம்னு, "அர்த்தநாரி, அந்த யானை நசுக்குனதுல நான் அங்கேயே செத்துட்டேன்"னேன். "உம்"ங்கறான். "உம்பட பொண்டாட்டி எங்கூட ஓடி வர்றேன்னு சொல்லிட்டா"ன்னேன். "உம். சரி, பார்த்துப் போயிட்டு வாங்க"ன்னுட்டான்.

சித்தெ இருங்க, பச்சைச் சட்டை மோர் கேட்கறார். இல்லை, திரும்பவும் ரசந்தான் வாங்கிட்டார். ரசத்துல அப்படி என்ன கண்டார்னு தெரியலை.

அவன் பேச மாட்டேங்கறான்னா நான் என்ன பண்றது? சும்மா உக்காந்து பேக்கரியில ஒவ்வொருத்தரும் போன்ல என்ன பார்க்கறாங்கன்னு எட்டிப் பார்க்க ஆரம்பிச்சேன். அடேயப்பா, அது ஒரு தனி உலகமுங்க. பேக்கரிக்காரர் இருக்கறாரே, முட்டை பப்ஸ் தட்டைக் குனிஞ்சு எடுக்க மாட்டார், ஆள் வேணும். அவர் பார்க்கறது பூராவும் இரும்புக் குண்டு தூக்கறவங்களைத்தான். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருத்தர் வருவார், "அந்தக் கண்றாவியெல்லாம் நான் பார்க்கறதில்லைங்க"ம்பார். ஆனா எவன் எந்த வீடியோவுல எந்த எழுத்தைத் தப்பா எழுதினான்னு அத்தனையும் தெரியும். கீழே போய்த் திருத்தம் எழுதறதுக்குன்னே பார்க்கறார். பஸ் ஸ்டாண்டுல பூ விக்கற அம்மா தினம் ஒரு கோலம் போட்டு அதைப் படம் பிடிச்சுப் போடும். பசங்க ரெண்டு பேரும் வெளிநாடு. முகம் தெரியாத எவனாவது "அருமை"ன்னு எழுதினா, "சாப்பிட்டியா கண்ணு"ன்னு பதில் எழுதும். ஆளுக்கு ஒரு பசிங்க. போனைப் பார்த்தாலே மனுசனைச் சொல்லிரலாம்.

அர்த்தநாரிக்கு என்ன பசின்னு பார்க்கணுமில்ல? ஒரு நாள் அவன் தோளுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். என்ன பார்க்கறான்கறீங்க? கம்பளம் தொவைக்கறதை. எந்த நாடோ, எவனோ ஒருத்தன் மண்ணுல புதைச்சு எடுத்த மாதிரி ஒரு கம்பளத்தைப் போட்டு நுரையடிச்சுத் தேய்க்கறான். கறுப்பாத் தண்ணி ஓடுது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு வருது, அப்புறம் மஞ்சள் வருது. இவன் கண்ணைச் சிமிட்டாம உக்காந்திருக்கறான். அது முடிஞ்சா அடுத்த கம்பளம். ஆயுசு பூரா ஜமக்காளத்தைச் சுமந்தவன், இப்ப உக்காந்துட்டு எவன் வீட்டுக் கம்பளத்தையோ பார்க்கறான்.

"அப்படி என்னடா இருக்குது இதுல?"ன்னு கேட்டேன்.

"இது பேசாதுடா"ன்னான்.

கம்பளம் எப்படிங்க பேசும்? பாவம், வயசாச்சு, புத்தி மங்கிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

எங்க தெரு முக்குல பூங்கொடின்னு ஒரு புள்ளை ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறா. புள்ளைன்னா, கல்யாண வயசுல பையன் இருக்கறான் அவளுக்கு. என்னைப் பெரியப்பாம்பா. வாய் கொஞ்சம் நீளம். அவகிட்டப் போய் விவரம் கேட்டேன். "பெரியப்பா, எதை நின்னு பார்க்கறமோ, அதே மாதிரி இன்னும் இன்னும் கொண்டுவந்து கொட்டும். அவ்வளவுதான் சூட்சுமம்"னா.

"அப்ப நான் ஒரு அழுக்கு ஜமக்காளத்தைத் தொவைச்சுட்டே கதை சொன்னா, அது அர்த்தநாரிகிட்டப் போய்ச் சேருமா?"

"சேரலாம். ஊருக்கே சேரும்."

"ஊர் எதுக்கு அம்மிணி? அவனுக்குச் சேர்ந்தாப் போதும்."

"நாலு வீடு தள்ளித்தான இருக்கறார். நேர்ல போய்ச் சொல்றதுதான?"

"நேர்லதான் கேட்க மாட்டேங்கறானே."

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா. "ஊர் பூரா நேர்ல ரீல் விட்டீங்க, இப்ப போன்லயும் ஆரம்பிச்சாச்சு"ன்னா. சரின்னு ஒத்துக்கிட்டா.

சமுதாயக் கூடத்துல ஒரு ஜமக்காளம் கிடந்துச்சுங்க. எத்தனை பந்தியைப் பார்த்துதோ, எத்தனை குழந்தையைப் பார்த்துதோ, பட்டை எந்த நிறம்னே தெரியலை. அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து, பூங்கொடி கடைக்குப் பின்னால குழாயடியில விரிச்சேன். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, பிரஷ்ஷும் சோப்புத் தூளுமா உக்காந்தேன். அவ போனைப் பிடிச்சுட்டு, "ஒரு நிமிஷத்துல முடிக்கணும் பெரியப்பா"ங்கறா. எனக்கு "ஒரு ஊர்ல"ன்னு சொல்லவே அவ்வளவு நேரம் ஆகுமேன்னேன். அப்பத் துண்டு துண்டாப் போடலாம்னா.

என்ன கதை சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும், பார்த்திருப்பீங்க. இருந்தாலும் வாயால கேட்கறது வேற. கொள்ளேகாலத்துல ஒரு சத்திரம். நான் சரக்கை விரிச்சு வெச்சு வெலை பேசிட்டு இருக்கறேன். வெயிலு. அர்த்தநாரி விரிச்ச ஜமக்காளத்து மேலயே படுத்துத் தூங்கிட்டான். வாங்குனவங்க அவசரக்காரங்க, மண்டபத்துல அன்னிக்குச் சாயங்காலமே விசேஷம். ஆளோட சேர்த்துச் சுருட்டி, கட்டி, மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. மண்டபத்துல சபை கூடியிருக்குது. ஜமக்காளத்தை நுனியைப் பிடிச்சு உதறி விரிக்கறாங்க. பட்டாபட்டி டவுசரோட இவன் உருண்டு வந்து, நேரா மாப்பிள்ளை கால்ல விழுந்தான். மாப்பிள்ளையும் பதட்டத்துல அட்சதையைப் போட்டு, "பதினாறும் பெத்து நல்லா இருங்க"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டார். இன்னிக்கும் அந்தப் பக்கத்துல யாரும் ஜமக்காளத்தைத் தட்டிப் பார்க்காம வாங்க மாட்டாங்க.

நீங்களே சிரிக்கறீங்க பாருங்க. அப்ப ஊர் எப்படிச் சிரிச்சிருக்கும்? திருப்பூர்ல சிரிச்சாங்க, துபாயில சிரிச்சாங்களாம். எத்தனை பேர் பார்த்தாங்கங்கறதெல்லாம் எனக்கு ஒரு அக்கறையும் இல்லைங்க. பூங்கொடி கடைக்கு அடிக்கடி போனேன்னா அது ஜெராக்ஸ் எடுக்கத்தான். ஆதார் அட்டை ஜெராக்ஸ் மட்டும் எங்க வீட்டுல ஒரு கட்டு கிடக்குது, வேணும்னா வந்து பாருங்க. போனா, "அர்த்தநாரி பார்த்துட்டானா?"ன்னு கேட்பேன். "யார் பார்த்தாங்கன்னு காட்டாது பெரியப்பா, யார் பிடிச்சிருக்குதுன்னு தொட்டாங்களோ அவங்க பேர்தான் காட்டும்"பா. விரலால தள்ளித் தள்ளித் தேடுவோம். ஒரு மலேசியாக்காரர் பேர் வரும், ஒரு போலீஸ்காரர் பேர் வரும். அர்த்தநாரி பேர் வராது.

மறுவாரம் அவன் பேக்கரியை மாத்திட்டான். எதிர்த்தாப்புல இருக்கற பேக்கரிக்குப் போயிட்டான். அங்கே பன் ரப்பர் மாதிரி இருக்கும். எனக்குப் புரிஞ்சு போச்சு, பொறாமை. கூடவே இருந்தவனுக்குப் பேர் வந்தா யாருக்குத்தான் பொறுக்கும்? போகட்டும்னு விட்டிருக்கலாம். நான்தான் அவனை விட மாட்டனே. இன்னும் நல்லாச் சொன்னா வந்துருவான்னு, அவன் வாத்துக் கடிச்சு ஓடுன கதை, துணிக்கடைக் கண்ணாடியில தன்னையே பார்த்து இன்னொரு யாவாரின்னு நினைச்சு வெலை பேசுன கதை, எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் போட்டேன். யோசிச்சுப் பாருங்க, அத்தனை கதையிலயும் நாயகன் அவன்தான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? அந்தப் பெருந்தன்மை யாருக்குங்க வரும்?

இதுக்கு நடுவுல பேத்திக்கு இந்தச் சம்பந்தம் கூடிவந்துச்சு. நிச்சயத்துக்கு நான் போகலை. யாரும் கூப்பிடலை, அதனால போகலை. நடந்ததைப் பூங்கொடிதான் சொன்னா. இலை போட்டு உக்காந்திருக்கறாங்க. உங்க பக்கத்துல யாரோ ஒரு பெரிய மனுசர், "சம்பந்தி, சாப்பிட்டுட்டு ஜமக்காளத்துல சாயுங்க. ஆனா தூங்கிடாதீங்க, நாங்க சுருட்டிட்டுப் போயிருவோம்"னாராம். சபையே சிரிச்சுதாம். அர்த்தநாரி பாதிச் சோத்துல இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டானாம். அந்த மனுசர் நீங்க இல்லையே? இல்லை, கேட்டேன், அவ்வளவுதான். நீங்க ஏன் அங்கே பார்க்கறீங்க, பச்சைச் சட்டை எங்கேயும் போகலை.

மறுநாள் கோதை வந்தா. சின்ன வயசுல எம்பட தோள் மேல உக்காந்து தேர் பார்த்த புள்ளை. வாசல்லயே நின்னுட்டா.

"பெரியப்பா, நீங்க செஞ்சது சரியா?"

"என்ன கண்ணு செஞ்சேன்?"

"எங்கப்பா வீட்டை விட்டு வெளியே போறதில்லை. போன பக்கமெல்லாம் தூங்கிட்டீங்களா, எந்திரிச்சிட்டீங்களான்னு கேட்கறாங்க. கல்யாணத்துக்கு எல்லாருக்கும் பத்திரிகை வைக்கறோம். உங்களுக்கு வைக்க வேண்டாம்னு சொல்லிட்டார்."

"சரி கண்ணு. உள்ள வா, டீ குடிச்சுட்டுப் போ."

"வேண்டாங்க பெரியப்பா"ன்னு போயிட்டா.

நான் அதைப் பெரிசா எடுத்துக்கலைங்க. பத்திரிகைன்னா ஒரு காகிதந்தானே. அன்னிக்குப் பூங்கொடி கடைக்குப் போகலை, மறுநாளும் போகலை. வேற ஒண்ணுமில்லை, முழங்கால் வலி. மூணு வேளை சோறும் இறங்கலை, அதுவும் முழங்கால் வலியாலதான்.

அப்புறம் ஒரு நாள் பூங்கொடியே கடையைச் சாத்திட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. "பெரியப்பா, அவர் போட்டுட்டார், அவர் போட்டுட்டார்"ங்கறா. என்னன்னு பார்த்தா, திரையில பாதிப் பக்கம் நான், குழாயடியில ஜமக்காளம் தொவைக்கறேன். மீதிப் பக்கம் அர்த்தநாரி. கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கறான், துண்டைப் போட்டுக்கிட்டு, ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கற மாதிரி. ஒருத்தர் போட்டதுக்குப் பக்கத்துலயே நம்ம பதிலையும் வெச்சுப் போடற வசதி இருக்குதாமே. இவளேதான் அவனுக்கும் சொல்லிக் குடுத்திருக்கறா. ரெண்டு பக்கமும் யாவாரம் பார்த்திருக்கறா கழுதை.

நான் கதை சொல்றேன், அவன் கேட்கறான். "கொள்ளேகாலத்துல ஒரு சத்திரம்"ங்கறேன். உம். "வெயிலு"ங்கறேன். உம். "ஆளோட சேர்த்துச் சுருட்டிட்டாங்க"ங்கறேன், அதுக்கு ஒரு உம் கொட்டினான் பாருங்க, பழைய உம், நெஞ்சுக்குள்ள இருந்து வர்றது. ஒண்ணுகூட எடம் மாறலைங்க. எங்கே வரணுமோ அங்கே வந்துச்சு. கதை முடிஞ்சதும் அவன் நேராப் பார்த்து, "கதை நல்லாத்தான் சொல்றான். ஆனா உள்ள தூங்குனது அவன். தேடிட்டுப் போனது நானு"ன்னான். அத்தோட முடிஞ்சுது.

"இன்னொருக்காப் போடு"ன்னேன். போட்டா. "இன்னொருக்கா"ன்னேன்.

"கடைசியில சொன்னாரே, அதைக் கேட்டீங்களா பெரியப்பா?"

"அதை விடு அம்மிணி. அந்தச் சுருட்டுற எடத்துல ஒரு உம் வருதே, அதை மட்டும் போடு."

முழுசும் பார்த்திருக்கறான் அவன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும், தள்ளாம. அதுக்கு மேல எனக்கு என்னங்க வேணும்?

ஆனா ஊர் இருக்குதே, அதுக்குக் கடைசி வரிதான் காதுல விழுந்துச்சு. நான் ரோட்டுல போனா "என்ன வெலைக்குப் போனீங்க?"ங்கறான். "மீட்டர் கணக்கா, எடைக் கணக்கா?"ங்கறான் கறிக்கடைக்காரன். ஹெட்மாஸ்டரே சிரிச்சார்ங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எனக்காக இல்லை. ஒரு பொய்யை ஊரே நம்புதேன்னுதான்.

விடிஞ்சதும் எதிர்த்தாப்புல இருக்கற பேக்கரிக்குப் போயிட்டேன். தனியா உக்காந்து அந்த ரப்பர் பன்னை டீயில முக்கிட்டு இருந்தான்.

"உக்காரலாமா?"ன்னேன்.

"கடைக்காரனைக் கேளு. பெஞ்சு அவனது."

உக்காந்தேன். "ஏண்டா அப்படிச் சொன்னே? நானாடா தூங்குனேன்?"

"பின்னே?"

"எனக்கு ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்குது"ன்னான். பன்னை வெச்சுட்டான். "சென்னி, அம்பது வருஷமா நீ சொல்ற கதையில எல்லாம் நான்தான் மடையன். பேக்கரியில சொன்னே, கேட்டுக்கிட்டேன். நீ சொல்றே, நான் கேட்கறேன், நம்ம ரெண்டு பேருக்குள்ள. இப்ப எம்பட பேத்தி போற வீட்டுல எனக்கு மரியாதை இல்லை."

"அதுக்கு இப்ப என்ன பண்ணோணுங்கறே?"

"நீயே சொல்லு. அதே மாதிரி ஜமக்காளத்தைத் தொவைச்சுட்டே, உள்ள தூங்குனது நான்தான்னு உம்பட வாயால சொல்லு. சம்பந்தி வீட்டுல பார்க்கட்டும். பத்திரிகை வைக்கறேன்."

"அது பொய்யாச்சேடா."

"பொய் சொல்ல உனக்கு இப்பத்தான் கூச்சமாக்கும்?"ன்னான்.

சிநேகிதத்துக்காக உசிரைக் குடுக்கறவங்க இருக்கறாங்க. நான் ஒரு பொய்யைக் குடுக்கக் கூடாதா? சரின்னுட்டேன்.

பச்சைச் சட்டை எந்திரிக்கறார் பாருங்க. இல்லை, கையை நக்கறார். பாயசம் நல்லா இருக்குதாட்ட.

சொன்னேனுங்க. கோயில்ல இருந்து ஒரு ஜமக்காளம் வாங்கிட்டு வந்து, தேய்ச்சுட்டே சொன்னேன். பொய்தான், ஆனாலும் பொய்யை ஒழுங்காச் சொல்லணுமில்ல? முழிச்சப்ப இருட்டா இருந்துச்சுன்னேன். கையை அசைக்க முடியலை, சாய வாசமும் ரசகற்பூர வாசமும் மூக்குல ஏறுது, வண்டி குலுங்கறப்ப எம்பட பல்லு எம்பட முழங்கால்லயே இடிச்சுதுன்னேன். கத்துனேன், சத்தம் பஞ்சுக்குள்ளயே போயிருச்சு. செத்தே போயிட்டோம்னு நினைச்சேன். மண்டபத்துல இறக்கிச் செவுத்தோரமா அடுக்கிட்டாங்க, எம்மேல இன்னொரு கட்டு. மூச்சு நின்னு போற நேரத்துல தூரத்துல ஒரு சத்தம். யாரோ ஓடி வந்து ஒவ்வொரு கட்டாத் தட்டறான். தட்டித் தட்டி, "சென்னி, சென்னி, உள்ள இருக்கறியாடா"ன்னு கூப்பிடறான். அவனுக்கு மூச்சு இரைக்குது. வெயில்ல வெறுங்கால்லயே ஓடி வந்திருக்கறான், வண்டித் தடத்தைப் பிடிச்சுட்டு. கட்டை அவுத்ததும் நான் அவன் காலைப் பிடிச்சுட்டு விடவே இல்லைன்னேன். அந்தப் பாதம் பூரா கொப்புளம்.

பூங்கொடி போனை இறக்கிட்டா. "என்ன பெரியப்பா, இந்தக் கதையில மட்டும் கண்ணுல தண்ணி வருது?"

"சோப்பு நுரை அம்மிணி"ன்னேன். சோப்புத் தூள் இப்பெல்லாம் காரமா வருதுங்க.

அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அர்த்தநாரி வந்துட்டான். பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு, தட்டுல வெத்தலை பாக்கு, பழம், மேல பத்திரிகை. கோதையும் கூட வந்து உள்ளயே உக்காந்தா. பத்திரிகையைக் குடுத்துட்டு, "ஒரு எடத்துல தப்பாச் சொல்லிட்டே"ங்கறான்.

"எதுடா?"

"சென்னின்னு கூப்பிடலை. அண்ணான்னு கூப்பிட்டேன். அன்னிக்கு ஒருக்காத்தான்."

எனக்கு எப்படிங்க தெரியும்? நான் உள்ள இருந்திருந்தா இல்ல காதுல விழுந்திருக்கும். ஆனாலும் அவன் சொன்னதும் எனக்கு, அது என்னமோ, கேட்ட குரலாட்டவே இருந்துச்சு.

ஆ, எந்திரிச்சுட்டார். எம்பட ஆளும் எந்திரிச்சுட்டார். உக்காருங்க, உக்காருங்க, மொதல்ல உக்காந்துக்கோணும், இலையெல்லாம் அப்புறம் எடுப்பாங்க. தம்பி, இங்கே ரெண்டு இலை போடுப்பா. தண்ணி தெளிச்சுக்குங்க.

என்னங்க கேட்டீங்க? உங்களை இல்லைங்க, எதிர்ப் பந்தியில இருக்கறாரே மீசைக்காரர், அவர் என்னமோ கேட்கறார். "என்ன வெலைக்குங்க போனீங்க?"ங்கறார். உங்க வீட்டு ஆளுதானே? சிரிக்கட்டும், சிரிக்கட்டும், கல்யாண வீடு. அவங்க அத்தனை பேரும் சிரிக்கறாங்க, நானும் சிரிச்சுட்டுத்தான் இருக்கறேன். பதில் சொல்லலாமுங்க, ஆயிரம் பதில் இருக்குது எங்கிட்ட. இப்பன்னு பார்த்து ஒண்ணும் வரலை.

அட, நீ எப்படா வந்து பின்னால நின்னே? போடா, அங்கே மேடையில தேடுவாங்க. ஏன், என்ன சொல்லப் போறே அவங்ககிட்ட? அர்த்தநாரி, விடு. விடுங்கறேன்.

கேட்டீங்களா? கேட்டீங்களா அவன் சொன்னதை? "சிரிக்காதீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரரே. உள்ள தூங்குனது நானுங்க. எம்பட மானம் போகக் கூடாதுன்னு இவன் தன் மேல போட்டுக்கிட்டான்"னு, அத்தனை சபை முன்னால, சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னால. எம்பட இலைக்கு இன்னொரு ஜிலேபி வைக்கச் சொல்லிட்டுப் போறான் பாருங்க.

அவனே ஒத்துக்கிட்டான். நான் மொதல்ல இருந்தே சொன்னேனில்ல? இனி உங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாது. ஏன்னா அர்த்தநாரி பொய் சொல்ற ஆளே இல்லைங்க. நான் பார்த்து ஒரு பொய் சொன்னதில்லை. இன்னிக்குத்தான் மொத மொதலா...

சாம்பார் வருது, இலையைக் காட்டுங்க.